பொதுத் தண்ணீரின் புரவலர்கள்: காலரா காலத்து லிவர்பூலும் லண்டனும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இங்கிலாந்தின் பெருநகரங்களில் தண்ணீர் ஒரு விற்பனைச் சரக்காகவே இருந்தது. லண்டனில் தனியார் நிறுவனங்கள் சில, நகரத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, பணம் கட்டிய வீடுகளுக்கு வாரத்தில் சில நாட்கள், அந்நாட்களிலும் சில மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர் விட்டன. நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகளோ, முற்றத்தில் நட்டிருந்த ஒற்றைக் குழாய் திறக்கப்படும் சிறுபொழுதுக்காக வாளிகளோடு காத்திருந்து, பிடித்துவைத்த தண்ணீரை அடுத்த முறை வரும்வரை இழுத்துப்பிடித்துச் செலவழித்தனர். இதைத் தவிர, பாரிஷ் எனப்பட்ட திருச்சபை வட்டங்கள் (இவை மதப் பிரிவுகள் மட்டுமல்ல, வரி வசூலித்து ஏழைகளைப் பராமரித்த உள்ளாட்சி அலகுகளும்கூட) தெருமுனைகளில் அமைத்திருந்த கையடி பம்புகள் இருந்தன; அவற்றின் கிணறுகளுக்கும் வீட்டு மலக்குழிகளுக்கும் இடையே பெரும்பாலும் சில அடி மண்தான் தடுப்பு. தெருவில் நின்று உழைத்த சுமைதூக்கிகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் தாகம் எடுத்தால் போக இருந்த இடம் பெரும்பாலும் மதுக்கடையே.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் காலரா நுழைந்தது. 1817இல் வங்காளத்தின் கழிமுகப் பகுதியிலிருந்து புறப்பட்ட முதல் உலகப் பரவல் ஐரோப்பாவின் விளிம்போடு நின்றுவிட, இரண்டாவது பரவல் 1831 இலையுதிர் காலத்தில் சண்டர்லாந்து துறைமுகத்தில் இறங்கி, மறு ஆண்டு லண்டனையும் லிவர்பூலையும் எட்டியது. அதன்பின் 1848-49இல் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேலும், 1853-54இல் 10,000 பேருக்கு மேலும், 1866இல் பெரும்பாலும் நகரின் கிழக்குப் பகுதியில் 5,000 பேருக்கு மேலும் இறந்தனர். ஒவ்வொரு முறையும் அரசு அவசரமாகச் சுகாதார வாரியங்களை அமைத்தது. நோய் தணிந்ததும் அவற்றுள் பல கலைக்கப்பட்டன. அந்த இடைவெளிகளில் நகரத்தின் பொது இடங்களைப் பாதுகாப்பானவையாக மாற்றும் வேலை, அண்டைவீட்டார் தந்த காசிலும் வணிகர்களின் நன்கொடையிலும் சங்கங்களின் சந்தாவிலும்தான் தொடங்கியது. அந்தப் பணம் சட்டத்துக்கு முன்பே தெருவுக்கு வந்தது என்பது உண்மை; யார் குடிக்கலாம், எப்படிக் குடிக்கவேண்டும் என்ற தன் கருத்துகளையும் அது கூடவே கொண்டுவந்தது என்பது அதே அளவு உண்மை.

லிவர்பூல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அத்திலாந்திக் வணிகத்தால் வளர்ந்த அந்நகரில், வீடுகளின் அடியில் தோண்டப்பட்ட நிலவறைகளில் மட்டும் 1840 அளவில் ஏறக்குறைய 40,000 பேர் வசித்ததாக மருத்துவர் வில்லியம் ஹென்றி டங்கன் கணக்கிட்டார். இவரே பின்னர், 1847இல், நாட்டின் முதல் நகரச் சுகாதார அலுவலராகப் பொறுப்பேற்றவர். 1832இல் அங்கே காலரா ஏறக்குறைய 5,000 பேரைப் பற்றி, 1,500 பேருக்கு மேல் கொன்றது. அந்தக் கோடையில் நகர மக்கள் நோயைவிட மருத்துவர்களுக்கு அதிகம் அஞ்சினர்: நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது உடற்கூறு மேசைக்குப் பிணம் சேர்க்கவே என்ற நம்பிக்கை பரவி, மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் தெருக்களில் கலகங்கள் வெடித்தன. அதிகாரம் கட்டிய இடத்துக்கு வர மறுத்த மக்கள், ஒரு சலவைத் தொழிலாளியின் சமையலறைக்குத் தாமாகவே துணிமூட்டையோடு வந்தார்கள் என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்கவேண்டும்.

அந்தத் தொழிலாளி கிட்டி வில்கின்சன். அயர்லாந்தின் லண்டன்டெரியில் 1786 அளவில் பிறந்து, குழந்தையாக லிவர்பூலுக்கு வந்த கடற்பயணத்திலேயே கப்பல் விபத்தில் தந்தையை இழந்து, சிறுமியாகப் பஞ்சாலையில் வேலை செய்து, முதல் கணவரையும் கடலுக்குப் பலிகொடுத்தவர். இரண்டாம் கணவர் டாம், ராத்போன் என்ற வணிகக் குடும்பத்தின் கிடங்கில் சுமைதூக்கியாக இருந்தார். டெனிசன் தெருவில் இருந்த அவர்களது வாடகை வீட்டில் ஒரு வெந்நீர்க் கொப்பரை இருந்தது. சுற்றுப்புறத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. காலரா நோயாளியின் படுக்கை விரிப்பும் உடையும் கழிவில் ஊறிக் கிடக்கும். ஒற்றை அறையில் ஐந்தாறு பேராக வாழும் குடும்பத்துக்கு அவற்றைக் கொதிக்கவைத்துத் துவைக்க விறகும் இல்லை, பாத்திரமும் இல்லை, காயவைக்க இடமும் இல்லை. கிட்டி தன் சமையலறையையும் பின்முற்றத்தையும் அவர்களுக்குத் திறந்துவிட்டார். குடும்பத்துக்கு வாரம் ஒரு பென்னி (அக்காலப் பவுண்டில் 240இல் ஒரு பங்கு) வாங்கிக்கொண்டு, துணிகளைக் கொதிநீரிலும், இன்று பிளீச்சிங் பவுடர் என்று அறியப்படும் சுண்ணாம்புக் குளோரைடிலும் துவைக்கச் செய்தார். வாரத்துக்கு 85 குடும்பங்கள்வரை அந்த ஒரு வீட்டை நம்பியிருந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. நோய் எதனால் பரவுகிறது என்று அப்போது எந்த மருத்துவருக்கும் தெரியாது. கொதிநீரும் குளோரினும் காலராக் கிருமியைக் கொல்லும் என்பது உறுதிப்பட இன்னும் அரை நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சமையலறையில் நடந்தது, அந்த ஆண்டில் நகரம் செய்த மிகச் சரியான காரியங்களில் ஒன்று.

இங்கே அந்த ஒரு பென்னியைக் கவனிக்கவேண்டும். விறகுக்கும் மருந்துக்கும் ஆன செலவின் பெரும்பகுதியை ராத்போன் குடும்பமும், மாவட்டச் சிக்கனச் சங்கம் என்று சொல்லத்தக்க ஓர் அறக்கட்டமைப்பும் ஏற்றுக்கொண்டன; பென்னி அந்தச் செலவை ஈடுகட்டவில்லை. எனினும் அது வாங்கப்பட்டது. ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுப்பது அவர்களைச் சோம்பேறிகளாக்கும் என்ற அக்கால மேட்டுக்குடி நம்பிக்கை இதில் ஒரு பாதி. 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டத்துக்கு வழிவகுத்ததும் இதே நம்பிக்கைதான். மறு பாதி, துவைக்க வந்த பெண்களின் பக்கத்திலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது: காசு கொடுத்து வந்தவர் பிச்சைக்கு வந்தவர் அல்லர், அவரைப் பெயர் எழுதி விசாரித்து, ஒழுக்கச் சான்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. புரவலர்களும் பயனாளிகளும் ஒரே நாணயத்தை இரு வேறு காரணங்களுக்காக விரும்பினார்கள் என்பதால்தான் ஏற்பாடு நிலைத்தது என்று கொள்ள இடமுண்டு.

சமையலறையிலிருந்து சட்டத்துக்குப் போன வழி, பதினான்கு ஆண்டுகளில் கடக்கப்பட்டது. 1842இல் லிவர்பூல் நகராட்சி ஃப்ரெடரிக் தெருவில் குளியலறைகளோடு கூடிய பொதுச் சலவைக்கூடத்தைத் திறந்தது. நாட்டில் உள்ளாட்சிப் பணத்தில் இயங்கிய இவ்வகைக் கூடங்களில் இதுவே முதலாவது. 1846இல் கிட்டியும் டாமும் அதன் கண்காணிப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய குளியலகங்கள், சலவைக்கூடங்கள் சட்டம், பாரிஷ்களும் நகராட்சிகளும் வீட்டுவரியை அடமானமாகக் காட்டிக் கடன் வாங்கி இத்தகைய கூடங்களைக் கட்ட அனுமதித்தது. அச்சட்டத்தில் இரு கூறுகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, உழைக்கும் வகுப்பினருக்கான தொட்டிகளின் எண்ணிக்கை உயர்வகுப்புத் தொட்டிகளைப்போல் இரு மடங்குக்குக் குறையக்கூடாது. அவர்களுக்குக் குளிர்நீர்க் குளியலுக்கு ஒரு பென்னிக்கு மேலும் வெந்நீர்க் குளியலுக்கு இரண்டு பென்னிக்கு மேலும் வாங்கக்கூடாது. ஆக, வகுப்புப் பிரிவைச் சட்டம் ஒழிக்கவில்லை, ஆனால் அதற்குள் எண்ணிக்கையால் ஏழைகளின் பக்கம் சாய்ந்தது. மற்றொன்று, சட்டம் அனுமதித்ததே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. வரி கட்டுவோர் மறுத்த ஊர்களில் கூடம் எழவில்லை. கிட்டி 1860இல் காலமானார். லிவர்பூலின் புனித ஜார்ஜ் மண்டபத்தில் பன்னிரு ஆண்களின் சிலைகள் நெடுங்காலமாக நின்றிருக்க, 2012இல் வைக்கப்பட்ட அவரது சிலையே அங்கே இடம்பெற்ற முதல் பெண்ணின் சிலை.

சலவைக்கூடம் வீட்டுக்குள் இருந்த அழுக்கை வெளியே கொண்டுவந்து கழுவியது என்றால், தெருவிலேயே தாகத்தோடு நின்றவரைப் பற்றி முதலில் எண்ணியவர் அதே நகரத்தின் வணிகர் சார்லஸ் பியேர் மெல்லி. சுவிட்சர்லாந்து வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்த அவர், ஜெனீவாவில் யாரும் கேட்காமல் குடிக்கக்கூடிய தெருநீரூற்றுகளைக் கண்டிருந்தார். லிவர்பூலின் துறைமுகத் தளங்களிலோ, சரக்கு இறக்கும் தொழிலாளர்களும் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த ஐரியக் குடும்பங்களும் ஒரு வாய் தண்ணீருக்கு மதுக்கடைக்குள் போய் வேறெதையாவது வாங்கியாக வேண்டும். 1854இல் பிரின்சஸ் துறைமுகத் தளத்தில் மெல்லி தன் செலவில் முதல் குடிநீர்த் தூணை நிறுவினார். 1858க்குள் நகரில் அத்தகையவை நாற்பதுக்கு மேல் ஆயின. பெரும்பாலும் கருங்கல்லில் அமைந்த எளிய கட்டுமானங்கள் அவை: சுவரில் ஒரு வாய், கீழே ஒரு கிண்ணம், சங்கிலியில் கட்டிய உலோகக் கோப்பை. மெல்லிக்கு ஒரு வசதி இருந்தது. லிவர்பூல் நகராட்சி 1840களின் இறுதியிலேயே தனியார் நீர் நிறுவனங்களை வாங்கிவிட்டதால், கல்லையும் குழாயையும் அவர் கொடுத்தால், அதில் ஓடும் நீரை நகரம் கொடுத்தது. பிற்காலத்தில் லண்டனுக்கு வாய்க்காதது இந்தப் பகிர்வுதான்.

லண்டனில் தெருத்தண்ணீர் மீதான நம்பிக்கையைக் குலைத்த நிகழ்வு பலரும் அறிந்ததே. 1854 ஆகஸ்டு இறுதியில் சோஹோ பகுதியின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா திடீரென வெடித்து, 600 பேருக்கு மேல் இறந்தனர். மருத்துவர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, அவர்கள் பொதுவாகக் குடித்தது அத்தெருவின் கையடி பம்புத் தண்ணீரே என்று காட்டினார். செப்டம்பர் 8ஆம் நாள் பாரிஷ் நிர்வாகிகள் பம்பின் கைப்பிடியைக் கழற்றினர். அதற்குள் நோய் தானே தணியத் தொடங்கியிருந்தது என்பதை, இந்தக் கதையை வெற்றிக்கதையாகச் சொல்பவர்கள் விட்டுவிடுவது வழக்கம். அதைவிட முக்கியமானது, அந்தப் பம்பின் தண்ணீர் அப்பகுதியிலேயே மிகச் சுவையானது எனப் பெயர் பெற்றிருந்தது, தொலைவிலிருந்தும் அதை வரவழைத்துக் குடித்தவர்கள் இருந்தனர் என்பது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீர் கொல்லும் என்பதை ஏற்க அறிஞர் உலகம் ஆயத்தமாக இல்லை. அழுகல் நாற்றம் கலந்த காற்றே நோயைப் பரப்புகிறது என்ற துர்வாயுக் கொள்கையைப் பொதுச் சுகாதார வாரியமும் பற்றி நின்றது. 1858 கோடையில் தேம்ஸ் ஆற்றின் சாக்கடை நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தபோது, கழிவுநீர்க் கால்வாய்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டதும் மூக்கின் கட்டளையால்தான். அதே கோடையின் தொடக்கத்தில் ஸ்னோ இறந்திருந்தார்.

மறு ஆண்டு, 1859 ஏப்ரலில், நாடாளுமன்ற உறுப்பினரும் குவேக்கர் வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவருமான சாமுவேல் கர்னியும், வழக்கறிஞர் எட்வர்ட் தாமஸ் வேக்ஃபீல்டும் சேர்ந்து தலைநகரக் குடிநீர்த் தூண் சங்கத்தை நிறுவினர். குவேக்கர்கள் என்போர் குருமாரும் சடங்கும் இல்லாத ஒரு கிறித்தவப் பிரிவினர். அடிமை ஒழிப்பு, சிறைச் சீர்திருத்தம் போன்ற இயக்கங்களில் முன்நின்றவர்கள். சங்கம் தனக்கு விதித்துக்கொண்ட முதல் விதி, வடிகட்டியாலோ வேறு தக்க வழியாலோ தண்ணீரின் தூய்மைக்கும் குளிர்ச்சிக்கும் உறுதி தராத எந்தத் தூணையும் நிறுவுவதில்லை என்பது. அதன் முதல் தூண், கர்னியின் செலவில், புனித செபல்கர் தேவாலயத்தின் வேலியோரம் ஏப்ரல் 21ஆம் நாள் திறக்கப்பட்டது. வெகு விரைவில் நாளொன்றுக்கு 7,000 பேர்வரை அதில் குடித்ததாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆறு ஆண்டுகளில் 85 தூண்கள் எழுந்தன.

தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இது எளிய தருமமாகவே தோன்றக்கூடும். ஆனால் பந்தலில் வார்த்துக் கொடுக்க ஒருவர் நிற்பார், லண்டன் தூணில் அவர் இடத்தைக் கல்லில் வெட்டிய வாசகங்கள் எடுத்துக்கொண்டன. கோப்பையைத் திரும்ப இடத்தில் வைக்கச் சொல்லும் கட்டளையும், தாகத்தை ஆன்மாவின் தாகத்தோடு இணைக்கும் விவிலிய வரிகளும், கொடுத்தவரின் பெயரும் அவற்றில் இருந்தன. மதுவிலக்கு இயக்கத்தாருக்கு இந்தத் தூண்கள் ஓர் ஆயுதமாயின: மதுக்கடைகளுக்கு எதிரிலும் தேவாலய மதில்களிலும் அவை வேண்டுமென்றே வைக்கப்பட்டன. பொதுத் தண்ணீர் கிருமிக்கு எதிராக எழுப்பப்பட்டது என்று பின்னோக்கிப் பார்த்துச் சொல்வது முழு உண்மை ஆகாது. அதை எழுப்பியவர்களில் பலருக்குப் பீரே பெரிய நோய். அவர்கள் நோக்கம் எதுவாயினும், மதுக்கடைக்குள் நுழைந்தால் பெயர் கெடும் என்று அஞ்சிய பெண்களும், காசில்லாத சிறுவர்களும் நகரத்தின் நடுவே தடையின்றி நின்று குடிக்கக்கூடிய இடம் கிடைத்தது. 1867இல் சங்கம் தன் பெயரில் கால்நடைத் தொட்டிகளையும் சேர்த்துக்கொண்டது. சந்தைக்கு ஓட்டிவரப்பட்ட மாடுகளும், நாள் முழுதும் வண்டியிழுத்த குதிரைகளும், தொட்டியின் அடியில் தனியே அமைத்த சிறு குழியில் நாய்களும் குடித்தன. அதுவரை மதுக்கடைக்காரர் வைத்த தொட்டியில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிய வண்டிக்காரர், பதிலுக்கு உள்ளே போய் ஒரு குவளை வாங்கியாகவேண்டிய நிலை இருந்தது.

நன்கொடை பெருகியபோது தூண்கள் பெருத்தன. செல்வச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ், ஏழைகள் நிறைந்த கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவில் 1862இல் நிறுவிய கோதிக் பாணி மண்டபத்துக்கு 5,000 பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. இந்தியாவோடு நேரடியாகத் தொடர்புடைய கொடை ஒன்றும் உண்டு: பம்பாயின் பார்சி வணிகர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி, பிரிட்டிஷ் ஆட்சியில் தம் சமூகம் பெற்ற பாதுகாப்புக்கு நன்றியாக, ரீஜண்ட் பூங்காவில் பளிங்கும் செந்நிறக் கருங்கல்லும் கொண்ட குடிநீர்த் தூணை 1869இல் சங்கத்தின் வழியே அமைத்தளித்தார். காலராவின் பிறப்பிடமாக ஐரோப்பா விரல் நீட்டிக் குற்றம் சாட்டிய நாட்டிலிருந்து லண்டனின் குடிநீருக்குப் பணம் போனது என்ற முரணை அக்கால விழா உரைகள் பொருட்படுத்தவில்லை. விக்டோரியா பூங்கா மண்டபத்துக்கு ஆன தொகையில் எளிய தூண்கள் பலவற்றைக் குறுந்தெருக்களில் நட்டிருக்கலாம். ஆனால் பெயர் பொறித்த நினைவுச்சின்னம் தேடும் புரவலர் குறுந்தெருவைத் தேர்ந்தெடுப்பதில்லை. நன்கொடையால் அமையும் பொது இடங்களின் புவியியல், தேவையைவிடக் காட்சிக்கு ஏற்பவே பெரும்பாலும் அமைகிறது.

அதைவிட ஆழமான குறை, குழாயின் மறுமுனையில் இருந்தது. லண்டனின் நீர் இன்னும் தனியார் நிறுவனங்களிடமே இருந்ததால், கல்லுக்கு ஒரு முறை பணம் கிடைத்தாலும் அதில் ஓடும் நீருக்கு ஆண்டுதோறும் பணம் தேட வேண்டியிருந்தது. நிறைய நீர் குடிக்கும் கால்நடைத் தொட்டிகள் இச்சுமையைக் கூட்டின. திறப்பு விழாவுக்குக் கொடுப்பவர் நீர்க்கட்டணத்துக்குக் கொடுப்பதில்லை. 1866இல் காலரா கடைசி முறையாக லண்டனைத் தாக்கியபோது, கிழக்கு லண்டன் நீர் நிறுவனம் ஓல்ட் ஃபோர்டில் இருந்த மூடப்படாத நீர்த்தேக்கத்திலிருந்து வடிகட்டாத நீரைச் சட்டத்துக்குப் புறம்பாகக் குழாய்களில் விட்டிருந்தது வெளிப்பட்டது. இறப்புப் பதிவுகளைத் தொகுத்த வில்லியம் ஃபார், ஒரு காலத்தில் துர்வாயுக் கொள்கையை நம்பியவர், இம்முறை நீரின் மீதே குற்றத்தை நிறுவினார். ஸ்னோவின் கருத்து அதிகார உலகில் வேரூன்றியது அதன் பிறகே. அக்காலக் கரி வடிகட்டிகள் மண்ணையும் நாற்றத்தையும் பிடித்தன, கிருமியைப் பிடிக்கவில்லை. எவ்வளவு விலையுயர்ந்த தூணும் அதன் பின்னால் இருந்த நிறுவனத்தைவிடத் தூய்மையாக இருந்திருக்க முடியாது.

கிருமிகளின் காலம் தூண்களுக்கு இன்னொரு சோதனையைக் கொண்டுவந்தது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1882இல் காசநோய்க் கிருமியையும், 1884இல் கல்கத்தாவில் ஆய்ந்து காலராக் கிருமியையும் உறுதிப்படுத்திய பிறகு, ஆயிரக்கணக்கான உதடுகள் தொட்ட சங்கிலிக் கோப்பை ஐயத்துக்கு உள்ளாயிற்று. எல்லாரையும் வரவேற்றதன் அடையாளமாக இருந்த அதே பொருள், எல்லாரையும் இணைக்கும் தொற்றுவழியாகத் தெரியத் தொடங்கியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம், சுகாதார அலுவலர் சாமுவேல் கிரம்பைனின் முயற்சியால், 1909இல் ரயில்களிலும் பொது இடங்களிலும் பொதுக் கோப்பையைத் தடை செய்தது. காகிதக் கோப்பைத் தொழில் அந்தத் தடைகளின் மேல் வளர்ந்தது. லண்டன் சங்கம் படிப்படியாகக் கோப்பைகளை விட்டு, நீர் மேல்நோக்கிப் பீச்சும் அமைப்புக்கு மாறியது. வாய் வைக்காமல் குடிக்கலாம், கோப்பையும் திருடுபோகாது.

இதற்கிடையே 1902ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தலைநகர நீர் வாரியம், தனியார் நிறுவனங்கள் எட்டையும் பொது உடைமையாக்கி 1904இல் பொறுப்பேற்றது. லிவர்பூல் அரை நூற்றாண்டுக்கு முன் செய்து முடித்ததைத் தலைநகரம் இப்போது செய்தது. வீடுதோறும் இடைவிடாத குழாய்நீர் வந்ததும் தெருத்தூண்களின் தேவை சுருங்கிற்று, மோட்டார் வண்டிகள் வந்ததும் கால்நடைத் தொட்டிகள் வறண்டன. அவற்றுள் எஞ்சியவை பலவற்றில் இன்று உள்ளாட்சி மன்றங்கள் பூச்செடி வளர்க்கின்றன. ஆனால் குடிநீர்த் தூண் சங்கம் அப்போது கலைக்கப்படவில்லை. பள்ளிகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் குடிநீர் அமைப்புகள் தருவதற்குத் தன் நிதியைத் திருப்பிய அது, பிற்காலத்தில் குழாய்நீர் எட்டாத பிற நாடுகளின் கிணறுகளுக்கும் உதவத் தொடங்கியது.